நான் தூங்கலையே மேடம்

இதை எழுதச் சொன்னது நிவேதா. நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண். போன வாரம் போன் செய்தவள் நலம்கூட விசாரிக்காமல் ஆரம்பித்தாள்.

"அக்கா, இன்னிக்கு ஒரு காலேஜ் பையன் வந்தான். நேத்து எப்படிப்பா தூங்குனேன்னு கேட்டேன். இருங்க மேடம்னு கையத் திருப்பி ஸ்மார்ட் வாட்ச்சப் பாத்துட்டு, நல்லாத் தூங்கிருக்கேன்கிறான். அவன் தூங்குனதை வாட்ச் சொல்லித்தேன் அவனுக்கே தெரியணுமாக்கா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும். அவனைப் பார்த்ததில்லை, ஆனால் அவனைப் போன்றவர்களைத்தான் என் உத்தியோக காலம் முழுக்கப் படுக்கவைத்து எழுப்பினேன். அப்போது அவர்கள் கையில் வாட்ச் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். "நீங்க சும்மாதான இருக்கீக, அதையெல்லாம் எழுதுங்க" என்றாள் நிவேதா. சும்மா இருக்கிறேனாம். இருக்கட்டும், எழுதுகிறேன்.

தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் இ.இ.ஜி. டெக்னீசியனாக வேலை பார்த்தேன். மூளையில் ஓடும் மின்னோட்டத்தைக் கோடுகளாகப் பதிவு செய்கிற வேலை. இ.இ.ஜி. என்றதும் பாதிப் பேர் நெஞ்சில் எடுக்கும் இ.சி.ஜி. என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். "அங்கன இல்லப்பா, மண்டையில" என்று தடுக்க வேண்டியிருக்கும்.

சில வலிப்புகள் விழித்திருக்கும்போது பதிவில் தலைகாட்டாது, தூக்கத்தில்தான் அகப்படும். அதனால் வந்தவர்களைப் பட்டப்பகலில், பழக்கமில்லாத அறையில், தலை முழுக்க ஒயரோடு தூங்கவைப்பது என் பொறுப்பு. "தூங்குறவனப் பாத்துக்கிட்டு இருக்க ஒரு சம்பளமா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். "உங்க கிளாசுலயும் அதேதான் நடக்குது, நான் கூடுதலா ஒயர் மாட்டுறேன்" என்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும்.

படித்தது மதுரையில். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒருத்தி தலையை இன்னொருத்தி நாடா வைத்து அளந்து, பென்சிலால் புள்ளி வைத்துப் பழகினோம். அந்த வருடம் சாம்பல் புதனுக்கு எங்கள் ஊர் ராயப்பன்பட்டிக்கு வந்து கோவிலில் நின்றபோது, நெற்றியில் சாம்பலை எங்கே பூசுவது என்று சாமியார் இடம் தேடினார். அவ்வளவு பென்சில் கோடு.

வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அளப்பதும் ஒட்டுவதும் சுலபம், எண்ணெய்தான் பெரும்பாடு என்று. எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது, பசை பிடிக்காவிட்டால் ஒயர் நழுவும், கோடு கோணல்மாணலாக ஓடும். அதனால் முந்தின நாளே ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவோம்: தலைக்குக் குளித்துவிட்டு வாங்க, எண்ணெய் தொடக் கூடாது. மறுநாள் காலையில் வழிய வழிய எண்ணெய் தேய்த்து, படிய வாரி வந்து நிற்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், பரட்டைத் தலையோடு போவதா? எண்ணெய் வைக்காத தலையோடு வீட்டை விட்டு இறங்குவது துக்கத்துக்குப் போகிறபோதுதான். நாங்கள் சொன்னதைக் கேட்காமல் இல்லை. கேட்டார்கள், ஆனால் மனசு ஒப்பவில்லை. என் அறைக்குள் ஒரு குழாயும், சீயக்காய்த் தூளும், ஷாம்பூப் பொட்டலங்களும், இரண்டு துண்டும் எப்போதும் இருக்கும். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் தலைக்கு நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன் என்று தைரியமாகச் சொல்வேன்.

இன்னொரு விதி நானாக ஏற்படுத்தியது. படுக்கும் முன் எல்லோரும் கழிப்பறைக்குப் போய்விட்டு வர வேண்டும். இந்த விதியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு ஹாஸ்டல் பெண். அடிக்கடி மயக்கம் வருகிறது என்று அனுப்பியிருந்தார்கள். படுக்கவைத்தேன், விளக்கை அணைத்தேன். தூக்கம் வரவில்லை. புரண்டாள், காலை மடக்கினாள், நீட்டினாள். "பயமா இருக்காம்மா?" "இல்ல மேடம்." "குளிருதா?" "இல்ல." "ஒண்ணுக்கு வருதா?" கொஞ்சம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "தெரியலையே மேடம்" என்றாள். போய்விட்டு வா என்று அனுப்பினேன். நெடுநேரம் கழித்துத் திரும்பியவள் படுத்ததும் குழந்தை மாதிரித் தூங்கிப்போனாள். கல்லூரியில் கழிப்பறை சரியில்லை என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை, வந்தாலும் அடக்கிக்கொள்வது. அப்படியே பழகிப் பழகி, வருகிறதா இல்லையா என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மயக்கத்துக்கும் அதுவே காரணம் என்று பிறகு டாக்டர் கண்டுபிடித்தார். மாத்திரை எழுதவில்லை, தண்ணீர் குடிக்கச் சொன்னார், கல்லூரி முதல்வருக்குப் போன் போட்டுச் சத்தமும் போட்டார்.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குக் கீழேதான் கடைசி வரை வேலை பார்த்தேன். சொந்த ஊர் கம்பம் பக்கம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தும் நோயாளிகளிடம் எங்கள் பேச்சில்தான் பேசுவார். என்னிடம் மட்டும் புத்தகத் தமிழில் கோபப்படுவார். நோயாளி உள்ளே வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார். என் பதிவைக் கொண்டுபோய் வைத்தால் கவிழ்த்து வைப்பார். "கதை முதல்ல, கோடு அப்புறம்" என்பது அவர் சட்டம். கோட்டை முதலில் பார்த்தால் கதை காதில் விழாதாம்.

கதை என்றால் அவருக்கு ஒரே கேள்வி. "நேத்துக் காலையில கண்ணு முழிச்சதுல இருந்து இன்னிக்குக் கண்ணு முழிச்ச வரைக்கும் சொல்லுங்க." சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டார். அடுத்து, "நீங்க தூங்குறத யாரு பாத்திருக்காக? அவுகளக் கூப்பிடுங்க" என்பார். தூங்குகிறவருக்குத் தன் தூக்கத்தைப் பற்றி என்ன தெரியும் என்பது அவர் கட்சி. வெளியே கூட்டம் நெட்டித்தள்ளும். நான் கதவருகே நின்று தொண்டையைச் செருமுவேன். "மேரி, இருமலுக்கு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார், திரும்பிப் பார்க்காமலே.

என் அறையிலும் ஒரு கேள்வி உண்டு. பதிவு முடிந்து எழுப்பியதும் கேட்பேன்: "தூங்குனியா?"

நாம் கண்ணை மூடியதும் பின்தலையில் ஒட்டிய ஒயர்களில் ஓர் அலை ஒழுங்காக ஓட ஆரம்பிக்கும். திறந்தால் மறைந்துவிடும். மூடிய கண்ணோடு இருக்கும்போதே அந்த அலை உதிர்ந்துபோனால், ஆள் தூக்கத்துக்குள் இறங்குகிறார் என்று அர்த்தம். இன்னும் ஆழம் போனால் நடுத்தலையில் வேறு வடிவங்கள் எழும். எல்லாம் திரையில் எனக்குப் பளிச்சென்று தெரியும். குறட்டை வேறு தனியாகக் கேட்கும். எழுப்பிக் கேட்டால், அதிலும் இருபதைத் தாண்டிய வயதுப் பிள்ளைகளிடம் கேட்டால், ஒரே பதில்தான்: "நான் தூங்கலையே மேடம்."

பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது. வயிறு கடமுடவென்று சத்தம் போட்டு என் அறைக்கே கேட்கும், "சாப்பிட்டியாடா?" என்றால் "பசிக்கல மேடம்" என்பான். வயதானவர்கள் அப்படியில்லை, முட்டியில் எந்தப் பக்கம் வலிக்கிறது என்பதை ஒரு மணி நேரம் சொல்வார்கள். இளசுகளுக்கு உடம்பு நன்றாக இருப்பதால் அது பேசுவதைக் கேட்க வேண்டிய அவசியம் வருவதில்லை. எனக்கும் அந்த வயதில் வந்ததில்லைதான். இதெல்லாம் சிரிப்பதற்கு உரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், பாண்டி வரும்வரை.

பாண்டி என்கிற பாண்டீஸ்வரன் கம்பத்தைச் சேர்ந்த ஜீப் டிரைவர். அப்பா விட்டுப்போன ஜீப். விடிவதற்கு முன்னால் தெருத்தெருவாகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு, குமுளி மலை ஏறி, கேரளாவில் இருக்கும் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவான். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவான். காய் எடுக்கப் போகும் அந்தப் பெண்களில் அவன் அம்மா செல்லத்தாயியும் ஒருத்தி. அம்மாவும் மகனுமாகத்தான் வந்தார்கள். நல்ல உயரமான பையன். ஆஸ்பத்திரி நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தான். அந்த அம்மாவின் முந்தானை முடிச்சில் ஜீப்புச் சாவி இருந்தது.

நடந்தது இது. காலையில் மலை ஏறும்போது ஒரு வளைவில் ஜீப் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் மெதுவாகப் போய்த் தடுப்புச் சுவரில் உரசி நின்றுவிட்டது. முன்சீட்டில் இருந்த செல்லத்தாயி பார்த்தபோது மகனுக்குக் கண் மேலே சொருகியிருந்தது, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. "ஆத்தாடி, வலிப்பு!" என்று பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். வலிப்பு என்றால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும், எங்கள் ஊரில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். செல்லத்தாயி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சாவியையே உருவி மகன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். உடனே அவன் கண்ணைத் திறந்தான். சந்தேகமே இல்லை. இரும்பு பட்டதும் தெளிந்தான், ஆகவே அது வலிப்பு.

அன்று சாயங்காலமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜீப்பில் வந்த பெண்கள் மறுநாள் வேறு வண்டிக்கு மாறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வளைவுக்குக் கீழே பள்ளம். பாண்டிக்குப் பெண் எடுக்கலாம் என்று பேச்சை ஆரம்பித்திருந்த ஒரு வீட்டில் பேச்சு நின்றது. செல்லத்தாயியின் தம்பி வலிப்புக்காரர். இளவயதில் வாய்க்காலில் குளிக்கும்போது வலிப்பு வந்து, எடுக்க ஆளில்லாமல் போய்விட்டார். அதனால் அந்த அம்மா கண்ணுக்கு மகன் பாதி செத்துவிட்டான். மகன் கட்சி வேறு.

"எனக்கு ஒண்ணுமே ஆகலை சார். நான் நல்லாத்தேன் ஓட்டிக்கிட்டுப் போனேன். வண்டி கொஞ்சம் இழுத்திருச்சு. இவுக பாட்டுக்குச் சாவிய உருவிட்டாக."

"தூங்கிட்டியா?" என்று டாக்டர் கேட்டார்.

"தூங்கலை சார். நான் தூங்குற ஆளே இல்லை."

வலிப்பு என்று முடிவானால் வாழ்நாள் முழுக்கப் பயணிகள் வண்டி ஓட்ட முடியாது. வலிப்பு இல்லை என்று தவறாகச் சொன்னால் ஒரு ஜீப் நிறையப் பெண்களின் உயிர். டாக்டர் வழக்கத்தைவிட நிதானமாக இருந்தார். மறுநாள் காலை பதிவுக்கு வரச் சொன்னார். சாதாரணமாக முந்தின இரவு பாதித் தூக்கத்தோடு வரச் சொல்வோம், அப்போதுதான் என் அறையில் தூக்கம் வரும். இவனிடம், "நீ எப்பவும் எப்படித் தூங்குவியோ அப்படியே தூங்கிட்டு வா" என்றார். விதியை மாற்றுகிறாரே என்று எனக்கு எரிச்சல்.

மறுநாள் வந்தான். தலையில் எண்ணெய் பளபளவென்று இருந்தது.

"ஏக்கா, எண்ணெய் வைக்காதீகன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"சீக்குன்னு சொல்லிட்டாக. எண்ணெயும் வைக்காமக் கூட்டியாந்தா எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்காது? எனக்கு மனசு வரலை நர்சம்மா" என்றாள் செல்லத்தாயி. அதற்கு மேல் என்ன சொல்வது? அவனைக் குழாயடியில் குனியவைத்து இரண்டு பொட்டலம் ஷாம்பூ போட்டேன். அந்த அம்மா பக்கத்தில் நின்று, கண்ணில் நுரை படாமல் மகன் நெற்றியைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

துவட்டி, அளந்து, புள்ளி வைத்து, தோலைத் தேய்த்து, பசை வைத்து ஒவ்வொரு ஒயராக ஒட்டினேன். தாடையைத் தளர்த்தச் சொன்னேன். பல்லைக் கடித்தால் திரை முழுக்கக் கருத்துப்போகும். "கண்ண மூடு பாண்டி" என்றேன். மூடினான். அலை வந்தது. அழகான, ஒழுங்கான அலை. குறித்துக்கொள்ளலாம் என்று நான் கையை நகர்த்துவதற்குள் அது உதிர்ந்துவிட்டது. ஒயர் கழன்றதோ என்று பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஆள் தூங்கிவிட்டான். அவ்வளவு வேகமாகத் தூக்கத்துக்குள் விழுந்தவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்து ஒரு பக்கம் கோணியது. முழுசாக மூடாத இமைக்கு அடியில் வெள்ளை விழி தெரிந்தது.

"பாண்டி" என்று கூப்பிட்டேன். கண் திறந்தான். "தூங்குனியா?"

"இல்லையே மேடம். இப்பத்தான கண்ண மூடச் சொன்னீக?"

மறுபடி மூடச் சொன்னேன். மறுபடி அதே கதை. நாலைந்து முறை எழுப்பினேன். எழுப்பிய ஒவ்வொரு தடவையும் இல்லை என்றான், கடைசியில் கொஞ்சம் கோபமாகவே. அதன் பிறகு தூங்கவிட்டு முழுப் பதிவையும் எடுத்தேன். சிரிப்பு வரவில்லை. இதே கண்தான் மலை வளைவிலும் மூடியிருக்கிறது.

டாக்டர் வழக்கம்போலப் பதிவைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதை கேட்டார். என்னையும் அறையில் நிற்கச் சொன்னார். பாண்டி சொன்னான். விடியும் முன் எழுந்து வண்டி எடுப்பது. பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டதும் சும்மா இருக்காமல் தோட்டத்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது. சாயங்காலம் திரும்பி வந்து வண்டி கழுவுவது, சாப்பிடுவது. "அப்புறம் படுத்துருவேன் சார்" என்று முடித்தான். முடித்த வேகம் எனக்கே சரியாகப் படவில்லை.

டாக்டர் செல்லத்தாயியைப் பார்த்து, "அம்மா, கேன்டீன்ல ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். அவள் போனதும், "இப்பச் சொல்லு. படுத்ததுக்கும் தூங்குனதுக்கும் நடுவுல என்ன?"

காது சிவந்துவிட்டது பையனுக்கு. பவித்ரா என்று ஒரு பெண். இதே ஊர்தான், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அவளுக்கு ராத்திரி ஷிப்ட். நடுவே சாப்பாட்டுக்கு விடும்போதுதான் நிதானமாகப் பேச முடியும். அதுவரை இவன் முழித்திருப்பான். பேசி முடித்துப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்து வண்டி எடுக்க வேண்டும். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "அவ திருப்பூர் போனதுல இருந்து" என்றான்.

"நீ தூங்குறத யாரு பாத்திருக்காக?"

"யாரும் பாக்கலை சார். நான் மொட்டைமாடியிலதான படுப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "பவித்ரா மட்டும் சொல்லுவா, பேசிக்கிட்டு இருக்கும்போதே தூங்கிடுறேன்னு. சண்டை போடுவா. நான் நம்புறதில்லை" என்றான்.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்தப் புள்ளைட்ட நான் பேசணும். உங்கம்மாவும் கேக்கணும்."

"அம்மாவா? சார், வேணாம் சார்."

"தம்பி, உங்கம்மா மனசுல நீ இப்ப வலிப்புக்காரன். நான் இல்லைன்னு சொன்னா, டாக்டர் சமாதானத்துக்குச் சொல்றாருன்னு நினைப்பாக. ஊரும் அப்படித்தேன். கண்ணால பாத்தவுக அவுக, காதால கேட்டவ அந்தப் புள்ளை. ரெண்டு பேரும் சேந்தாத்தேன் கதை முழுசாகும். ஆனா உன் இஷ்டம்."

பாண்டி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தான். வீட்டுக்குத் தெரியாத பெண். ஒரு தடவை சொல்லிவிட்டால் திரும்ப மறைக்க முடியாது. பிறகு போனை எடுத்து மேசை மேல் வைத்தான். "கூப்பிடுங்க சார், அம்மாவ" என்றான்.

செல்லத்தாயி வந்து உட்கார்ந்தாள். போனில் மணி போனது. தூக்கத்தில் இருந்து எழுந்த குரல், "என்னங்க, இந்நேரத்துல?" என்றது.

"யாரு இவ?" என்றாள் செல்லத்தாயி.

"மொதல்ல கேளுங்க, அப்புறம் சண்டை போடுங்க" என்றார் டாக்டர். போனில் தான் யார் என்று சொல்லி, விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, அம்மாவும் இங்கே இருக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். எங்கே போனை வைத்துவிடுவாளோ என்று பயந்தேன்.

"இவரு தூங்குறது உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் சார்." குரல் தெளிவாக வந்தது. "நான் பேசப் பேச 'ம்' கொட்டுவாக. கொஞ்ச நேரத்துல அந்த 'ம்' லேட்டா வரும். அப்புறம் நான் கேக்காத எடத்துல வரும். அப்புறம் மூச்சு மட்டுந்தேன் கேக்கும். நான் பேர் சொல்லிக் கூப்புட்டா ஒடனே, 'கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன், சொல்லு'ம்பாக. என்ன சொன்னேன்னு கேட்டா தெரியாது. தோட்டத்துல இருந்து பகல்ல பேசுறப்பக்கூட ரெண்டு மூணு தடவ அப்படி ஆயிருச்சு சார். நான் சொன்னா, நீதான் தப்பா நினைக்கிறம்பாக."

"கூப்பிட்டதும் ஒடனே பதில் வருமா? தடுமாற்றம் எதுவும்?"

"ஒடனே வரும் சார். கோவமா வரும்."

என் அறையில் நடந்ததை அப்படியே சொன்னாள். ஒரு திரையும் ஒயரும் இல்லாமல், தூரத்தில் இருந்து காதால் மட்டும் அந்தப் பையனின் தூக்கத்தை அவள் தெரிந்துவைத்திருந்தாள். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது.

டாக்டர் அப்போதுதான் செல்லத்தாயி பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அம்மா, சாவியக் கையில வச்சதும் இவன் எப்பக் கண்ண முழிச்சான்?"

"ஒடனே முழிச்சான்."

"முழிச்சதும் என்ன சொன்னான்?"

"'என்னத்துக்குச் சாவிய எடுத்த'ன்னு வைதான்."

"உங்க தம்பிக்கும் இரும்பு குடுப்பீகளா?"

"குடுக்காம? எப்பவும் ஒரு சாவிக்கொத்து எங்கிட்டதேன் இருக்கும்."

"அவருக்கு எப்பத் தெளியும்?"

செல்லத்தாயி பதில் சொல்ல வாயெடுத்தாள். முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். "அவனுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "அவனுக்கு வச்சுக்கிட்டே இருப்பேன். வெரலப் பிரிச்சு உள்ள திணிச்சு, மேல நான் கையப் பொத்திக்கிட்டே இருப்பேன். ஒதறும், நுரை தள்ளும், நாக்கக் கடிச்சுக்குவான். தானா அடங்குனாத்தேன் உண்டு. அடங்குன பெறகும் என்னைய யாருன்னு தெரியாது அவனுக்கு, அக்கான்னு கூப்புட நேரமாகும்." சாவி இருந்த முடிச்சை இறுக்கினாள். "ஒரு தடவகூட சாவிக்குத் தெளியல சார். ஒரு தடவகூட."

போனில் அந்தப் பெண்ணும் அழுகிறாள் என்று தெரிந்தது. செல்லத்தாயி தம்பிக்காக அழுதாள், இத்தனை வருடம் கழித்து. கூடவே மகனுக்கு அது இல்லை என்று புரிந்ததற்காகவும் அழுதாள். நானும் அழுதேன். டாக்டர் இழுப்பறையைத் திறந்து, எதுவும் எடுக்காமல் மூடினார்.

அதற்கப்புறம்தான் பதிவைத் திருப்பிப் பார்த்தார். முழுவதும் பார்த்துவிட்டு, வலிப்புக்கான அடையாளம் எதுவும் இல்லை, கதையும் அப்படிச் சொல்லவில்லை, இது தூக்கக் கடன், நாள்கணக்கில் தூங்காமல் சேர்ந்த பாக்கி என்றார். "ஆனா வலிப்பில்லைன்னு சந்தோஷப்பட்டு வண்டியில ஏறிறாத. தூங்குனது தெரியாதவன் வண்டி ஓட்டுறதும் அதே அளவு ஆபத்துத்தேன். நான் சொல்ற வரைக்கும் சாவி அம்மாட்ட இருக்கட்டும். தூங்கு. தூக்கம் வர்றப்ப ஒடம்பு என்ன பண்ணுதுன்னு பாத்துக்கிட்டே இரு. திரும்ப வர்றப்ப எனக்குச் சொல்லணும்."

"நான் இனிமே ராத்திரி கூப்புடல சார்" என்றது போன். பாண்டியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வலிப்பு என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வாடியிருக்க மாட்டான்.

"ஞாயித்துக்கெழம பகல்ல கூப்புடு" என்றாள் செல்லத்தாயி, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "எனக்கும் குடுக்கச் சொல்லு. யாரு மகன்னு, சீ, யாரு மகன்னு கேக்குறேன் பாரு, யாரு மகள்னு வெசாரிக்கணும்ல."

சில வாரம் கழித்து மறுபடி வந்தார்கள். இந்த முறை தலையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பரட்டையாக நின்றான். ஜீப்பில் வந்துகொண்டிருந்த பெண்களையும் செல்லத்தாயி கூட்டி வந்திருந்தாள், தாழ்வாரமே நிறைந்துவிட்டது. படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். அலை வந்தது. நின்றது. ஓடிக்கொண்டே இருந்தது. நான் குறித்தேன், விளக்கை அணைத்தேன், காத்திருந்தேன். இவனுக்குத் தூக்கம் வராமல் எனக்கு வந்துவிடும் போலிருந்தது. கடைசியில் மெல்ல அலை உதிர்ந்தது. கொஞ்சம் விட்டு எழுப்பினேன்.

"தூங்குனியா பாண்டி?"

"ஆமா மேடம்" என்றான். "இப்பத்தேன் அசந்தேன். நீங்க கூப்புட்டது மொதல்ல தூரமாக் கேட்டுச்சு."

என் உத்தியோகத்தில் அந்த வயதில் ஒருவன் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டாக்டரிடமும் சொன்னான்: தூக்கம் வரும் முன்னால் பின்கழுத்து கனக்கிறது, கண்ணுக்குள் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, அப்புறம் காரணமே இல்லாமல் எல்லோர் மேலும் கோபம் வருகிறது. "பச்சப்புள்ளையிலயும் அப்படித்தேன், ஒறக்கம் வந்தா கடிப்பான்" என்றாள் செல்லத்தாயி. டாக்டர் தாழ்வாரத்துக்கு வந்து, அந்தப் பெண்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் நின்றபடி பதில் சொன்னார். இனி ஓட்டலாம் என்றார். செல்லத்தாயி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை மகன் உள்ளங்கையில் வைத்து, ஒரு நிமிடம் தன் கையால் பொத்திக்கொண்டாள். "ஒறக்கம் வந்தா எங்கிட்டக் குடுத்துரு" என்றாள்.

அடுத்த சித்திரையில் வீரபாண்டித் திருவிழா முடிந்த கையோடு பாண்டிக்கும் பவித்ராவுக்கும் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வைத்தார்கள், போய்ச் சாப்பிட்டேன். டாக்டர் வரவில்லை, மாப்பிள்ளையைச் சீக்கிரம் தூங்கச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். அதை நான் சபையில் சொல்லவில்லை.

போன மாதம் குமுளியில் இருக்கும் என் அக்காவைப் பார்க்கக் காலை பஸ்ஸில் போனேன். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கும் இடத்தில் மரத்தடியில் ஒரு ஜீப் நின்றிருந்தது. பெண்கள் கீழே இறங்கித் தூக்குவாளிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெற்றிலை போட்டபடி சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டில் ஒரு நீளமான ஆள் வெளியே கால் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். முன்சீட்டில் செல்லத்தாயி. விரலில் சாவி வளையத்தைக் கோத்து, சத்தம் வராமல் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், வண்டி ரிப்பேர் போல. வேலைக்குப் போற பொம்பளைக இப்படி உக்காந்திருக்காக" என்றார்.

"இல்லைங்க" என்றேன். "வண்டி நல்லா இருக்கு."